பச்சையம்மாளின் மூன்றாவது கேள்வி

எட்டிகுப்பத்துத் திலீப்புக்கு முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. குடி இல்லை, சீட்டு இல்லை, ஆள் பார்க்கவும் லட்சணம்தான். லேத், வெல்டிங் இரண்டும் தெரிந்த கை. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில் பிறந்த பெண்கள் அத்தனை பேரும் அவனுக்குத் தங்கச்சி. தங்கச்சி அல்லாதவர்கள் அக்கா. மிச்சமிருந்த பெண்கள் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே புருஷன் இருந்தான்.

நகரி மலையடிவாரத்தில், ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறு கோடியிலிருந்து "இன்னா?" என்று பதில் வருகிற அளவுக்கு ஊர். முழுக்கப் பங்காளிகள். வெளியூரில் பெண் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். ஆனால் கூடவே அவனுடைய அம்மா பச்சையம்மாளும் வந்தாள்.

பச்சையம்மாளுக்கு ஒரு வித்தை தெரியும். முன்பின் தெரியாத யாரையும் மூன்று கேள்விகளில் சொந்தமாக்கிவிடுவாள். எந்த ஊரு? யாரு ஊட்டுப் பிள்ளை? குலசாமி எது? மூன்றாவது பதில் வந்ததும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவாள். கணு தீர்வதற்குள் முறை வந்துவிடும். ஒரு தடவை புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பதற்குள் அவர் தன் சித்தப்பா மகன் என்று கண்டுபிடித்துவிட்டாள். அந்த மனுஷன் அவளுடைய மூட்டையைத் தானே சுமந்து இறக்கிவைத்து, "பத்திரமா போ அக்கா" என்று வழியனுப்பினார். அதுவரை டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

இந்த வித்தைதான் மகனுக்கு வினையாகப் போனது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பெண், சத்தியவேட்டில் ஒரு பெண், ஊத்துக்கோட்டையில் ஒரு பெண். எல்லா இடத்திலும் அவள் கணுவைத் தொட்டாள், எல்லாப் பெண்களும் தங்கச்சியானார்கள். ஊத்துக்கோட்டையில் நிலைமை இன்னும் மோசம். எல்லாம் விசாரித்தாகிவிட்டது என்று தரகர் அடித்துச் சொன்னதால் தாம்பூலத் தட்டு வரைக்கும் போய்விட்டது. பெண் காபியோடு வெளியே வந்து நின்றபோது பச்சையம்மாள் மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். கணுக்களை எண்ணி முடித்தாள். பிறகு அந்தப் பெண் தட்டை நீட்டி, "எடுத்துக்கங்கணா" என்றாள். திலீப் எடுத்துக்கொண்டான். சர்க்கரை தாராளமாகத்தான் போட்டிருந்தார்கள், அவனுக்கு ஒரே கசப்பு.

அம்மாவை மீறி எங்கேயாவது ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிற ஆள் இல்லை அவன். முறை தப்பிக் கட்டினால் ஊருக்குள் கால் வைக்க முடியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பச்சையம்மாளின் முகம் வாடினாலே அவனுக்குச் சோறு இறங்காது. ஆகவே அம்மா சரி என்று தலையாட்டினால்தான் அவனுக்குக் கல்யாணம், அம்மாவின் தலையோ விரல் கணுவைக் கேட்காமல் ஆடாது.

அந்த ஊரில் அவனுக்கு நடக்காமல் போனது கல்யாணம் மட்டுமில்லை. திலீப்புக்குச் சும்மா கிடக்கிற இரும்பைப் பார்த்தால் கை ஊறும். மாங்காய் பறிக்க ஒரு கழி செய்தான். நுனியில் கத்தி, கத்திக்குக் கீழே வலைப்பை, பிடியில் சைக்கிள் பிரேக். அமுக்கினால் காம்பு அறுபடும், காய் அடிபடாமல் பைக்குள் விழும். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் எட்டிகுப்பத்தில் ஒரு சாமான் வேலை செய்தால் மட்டும் போதாது. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "கத்தி நழுவிக் கண்ணுல பட்டுதுன்னா இன்னாடா பண்ணுவ? வேணாம் கண்ணு" என்றார். சித்தப்பா, "பெரியவன் ஊட்டுக்கு மொதல்ல காட்டினியாமே, அப்ப எனக்கு வேணாம்" என்றார். அவனைப் பெற்ற நைனா தங்கவேலுவோ, யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம் என்று கழியை எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகையின் கூரையில் சொருகிவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோருக்கும் அவன் மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்துக்கு அடியில் கிடந்து கழி துருப்பிடித்தது.

கடைசியில் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் லேத் வேலை கிடைத்தது. திருப்பதியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கினான். முதல் வாரம் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிவப்புச் சட்டை போட்டான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்குப் பதில் ஐஸ்கிரீமாகத் தின்றான், எட்டிகுப்பத்துக்குச் செய்தி போகவில்லை. தெருவில் எதிர்ப்பட்ட பெண்களில் ஒருத்திகூட அவனுக்குத் தங்கச்சி இல்லை. பெட்டி படுக்கையோடு இறங்கி ஏறுகிற அத்தனை ஜனத்தில், மொட்டையும் சந்தனமுமாக அலைகிற அத்தனை தலைகளில், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த தலை ஒன்றுகூடக் கிடையாது. அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தான். அதையும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்து அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து அறைக்காரர் எதிரே வந்தார், செல்போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். மத்தியானம் திலீப் பஸ் நிலையத்துக்குப் போனான். தினமும் தான் போகிற அதே பஸ்ஸைக் காட்டி, "இது ரேணிகுண்டா போகுமா?" என்று கண்டக்டரைக் கேட்டான். "எக்கு பாபு, எக்கு" என்றார் அவர். ஏறச் சொன்ன அந்தத் தெலுங்குச் சொல்லுக்காகவே ஏறி, ரேணிகுண்டா வரை போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வந்தான். வழியில் அழுகை வந்தது என்று சொன்னால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். வந்தது.

அப்படித் திரும்பி வந்த சாயங்காலம்தான் ஹரிதாவின் தோசை வண்டியைப் பார்த்தான். ரயில் நிலையத்தின் பின்தெருவில் ஒரு தள்ளுவண்டி, வண்டி நீளத்துக்கு ஒரு தோசைக்கல். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அவள் கல்லின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஸ்ரீசிட்டியில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவள். நிற்பதுதான் பிழைப்பு என்றால் என் சொந்தக் கடையில் நின்றுகொள்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். தமிழரோ தெலுங்கரோ, இருபதோ எழுபதோ, கடைக்கு வருகிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் அவளுக்கு அண்ணா.

"இன்னாணா வேணும்?" என்று திலீப்பைக் கேட்டாள்.

ஊத்துக்கோட்டைக் காபி தொண்டைக்குழிவரை ஏறி வந்தது. ஆனாலும் ஒரு மனுஷி பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் ரெண்டு தோசை சொன்னான். அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தின்றான். தின்னத் தின்னக் கை ஊறத் தொடங்கியது.

"ஏங்க, நீங்க எதுக்கு ஓடிக்கினு கீறீங்க? கல்லு ஓடட்டும்," என்றான்.

ஹரிதா கரண்டியோடு அப்படியே நின்றாள். எட்டிகுப்பமாக இருந்தால் இந்நேரம் ஒரு பெரியப்பா வேண்டாம் கண்ணு என்றிருப்பார். அவள், "ஓடுமா? எப்போ செஞ்சி எடுத்துனு வருவீங்க?" என்றாள்.

அவ்வளவுதான், திலீப்புக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறை முதலாளியைக் கெஞ்சி, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தான். மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு வட்ட இரும்புத் தகடு. நடுவில் பழைய ஆட்டோவின் சக்கர பேரிங். கீழே ஒரு பக்கமாக கேஸ் அடுப்பு. தகட்டைக் கையால் தள்ளினால் மெல்லச் சுற்றும். நின்ற இடத்தில் நின்றபடி மாவை ஊற்றினால், தோசை அடுப்பைத் தாண்டி ஒரு வட்டம் போய் வெந்து திரும்பிவரும், எடுத்துத் தட்டில் போட வேண்டியதுதான். யோசனை அப்படி. முதல் நாள் ஆனந்தம் தாங்காமல் அவன் கொஞ்சம் பலமாகத் தள்ளிவிட்டான். தகடு சுழன்ற வேகத்தில் ஒரு தோசை எழும்பிப் பறந்து, வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு பெரியவரின் மொட்டைத் தலையில் போய் உட்கார்ந்தது. சந்தனம் அப்பியிருந்ததால் சுடவில்லை.

பெரியவர் தோசையை எடுத்துப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். "இதேண்டம்மா, ரங்குலராட்னமா?" என்று கேட்டார். குடை ராட்டினமா என்கிறார். தெருவே சிரித்தது. கடைக்கு அன்றைக்கே ராட்டின தோசைக் கடை என்று பெயர் விழுந்துவிட்டது.

சிரிப்போடு அவர் விடவில்லை. குனிந்து தகட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். விஜயவாடாவில் ரயில் இன்ஜின் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவராம். கிரீஸ் உருகி ஒழுகுகிறது, இந்தச் சூட்டுக்கு கிரீஸ் நிற்காது, கிராஃபைட் தூள் போடு என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, தலையில் விழுந்த தோசையையே தின்று முடித்து, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். பேர்கூடத் தெரியாது. தூளைப் போட்டதும் தகடு வெண்ணெயாகச் சுற்றியது.

அதற்கடுத்த வாரம் நாயுடுபேட்டையிலிருந்து முனியப்பன் என்று ஒருவர் வந்தார். தையல் மிஷின் ரிப்பேர்காரர். மாதம் ஒரு தடவை திருப்பதிக்கு உதிரி சாமான் வாங்க வருகிறவர். அவர் சட்னியை நக்கிக்கொண்டே, "கையால தள்ளிக்கினு எப்படிம்மா மாவு ஊத்துவ? எங்கிட்ட பழைய மிஷின் மிதி ஒண்ணு சும்மா கெடக்குது" என்றார். அடுத்த மாதம் அதைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். திலீப் மிதியைத் தகட்டோடு பெல்ட் போட்டு இணைத்தான். வேகம் கூடினால் பிடித்து நிறுத்த ஒரு சைக்கிள் பிரேக்கையும் வைத்தான். துருப்பிடித்த மாங்காய்க் கழிக்கு அதில் கொஞ்சம் மனசு ஆறியது.

திலீப் அப்போதுதான் ஒன்றை யோசித்தான். எட்டிகுப்பத்தில் ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாது. இங்கே தினமும் வரிசை மாறுகிறது. மொட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு வேறு வேறு. ஒரு தோசை வேகிற நேரம் நிற்க வைத்தால் போதும், எதையாவது கொட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த எண்ணம் வந்த அன்றைக்கு அவனுக்குத் தூக்கமே வரவில்லை, ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் எழுப்பி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கவேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. அன்றைக்கெல்லாம் திலீப் ஸ்டூலில் உட்கார்ந்து மிதிப்பான், ஹரிதா ஊற்றி எடுப்பாள். அவளுக்குப் பிடித்தது, பிடிக்காதது, எந்த வாடிக்கைக்காரர் மேல் கோபம், எந்தச் செருப்பு கடிக்கிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். அவளுடைய ஊர் மட்டும் தெரியாது. கேட்கவே இல்லை. ஊர் பேர் தெரிந்தால்தானே வீட்டுப் பேர் தெரியும், வீட்டுப் பேர் தெரிந்தால்தானே குலசாமி தெரியும் என்று அந்தப் பக்கமே திரும்பாமல் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டான்.

ஒரு நாள் அவள், "கொஞ்சம் மெல்ல மிதிங்க," என்றாள். திலீப் காதைத் தீட்டிக்கொண்டான். அண்ணா வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சட்னி வாளியை இப்படித் தள்ளுங்க," என்றாள். அதிலும் வரவில்லை. பின்னாலேயே நின்றவரிடம், "உங்களுக்கு இன்னாணா?" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அண்ணா, அவன் ஒருத்தன் மட்டும் இல்லை. மிதியில் அவன் கால் துள்ளியது, ஹரிதா பிரேக்கைப் பிடித்தாள்.

"உங்க ஊரு எதுன்னு நான் கேட்டதே இல்ல," என்றான் கூட்டம் கலைந்த பிறகு.

"கேக்காதீங்க," என்றாள். "எங்க பெரியம்மா ஒருத்தங்க கீறாங்க. ஊரும் பேரும் சொன்னாப் போதும், இன்னா முறைன்னு சொல்லிடுவாங்க. அதுக்குத்தான் நானும் உங்களக் கேக்கல."

"எங்கம்மாவுக்கு மூணு கேள்வி வேணும்."

"அப்ப எங்க பெரியம்மாதான் கெட்டி."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. திலீப்புக்கு இவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியும், ஒன்றை ஏற்கெனவே பார்த்தவன்.

இப்படியே ஒளித்து வைத்திருக்கலாம், எட்டிகுப்பத்துக்காரர்கள் வேன் பிடித்துத் திருப்பதி மலைக்கு வராமல் இருந்திருந்தால். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர்கள், கூட்டமாக இருக்கிறதே என்று ராட்டின தோசைக் கடைக்கு வந்து நின்றார்கள். சிவப்புச் சட்டையோடு மிதித்துக்கொண்டிருந்த திலீப்பைப் பெரியப்பா பார்த்தார். மாவு ஊற்றுகிறவளைப் பார்த்தார். அவர் கேட்ட தோசை ஒரு சுற்று வருவதற்குள் செய்தி போனில் எட்டிகுப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை மாங்காயும் ஒரு டப்பா முறுக்குமாகப் பச்சையம்மாள் வந்து இறங்கினாள். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. "நீ உன் வேலையப் பாரு," என்று சொல்லிவிட்டு, கடைக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வரிசையில் கூட்டம் நெளிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை, "எந்த ஊரும்மா?" என்றாள். ஹூப்ளி என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் என்ன கேட்பது என்று பச்சையம்மாளுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் இருந்தவரைக் கேட்டாள். அவர் ஒடிசாவில் ஏதோ ஒரு பேரைச் சொன்னார். எதிரே நின்றவர் நாக்பூர். கட்டைவிரல் முதல் கணுவில் போய் நின்றது, நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்கு ஒரு முறையும் இல்லாத ஜனத்துக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். எங்கெங்கிருந்தோ வந்து, ஒரே தகட்டில் வெந்த தோசையைப் பகிர்ந்து தின்றுகொண்டு, சட்னி வாளியை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. தகடு சுற்றுவதற்கு ஏற்ப அவள் தலையும் சுற்றிச் சுற்றி வந்தது.

பிறகு எழுந்து வண்டிக்குக் கிட்டே வந்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

திலீப்பின் கால் மிதியிலேயே உறைந்தது. ஹரிதா அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பிச்சாட்டூர் பக்கம் ஆன்ட்டி. மலையடிப்பட்டு," என்றாள்.

எட்டிகுப்பத்துக்கு ஒரு பஸ் தூரம். எங்கோ கண்காணாத சீமையாக இருக்கும் என்று ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தவனுக்குக் கண் இருட்டியது.

"மலையடிப்பட்டுல யாரு ஊட்டுப் பொண்ணு?"

"தனசேகர் பொண்ணு. பால் சொசைட்டி தனசேகர். எங்க தாத்தா பேரு சின்னசாமி."

பச்சையம்மாளின் கண் பாதி மூடியது. கட்டைவிரல் கிளம்பிவிட்டது. முதல் கணு, இரண்டாவது கணு, அடுத்த விரல். புத்தூர் பஸ் கண்டக்டரைப் பிடித்த அதே விரல். திலீப் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். ஹரிதா கரண்டியை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். நின்றுபோன தகட்டில், அடுப்புக்கு நேர் மேலே மாட்டிக்கொண்ட தோசைகள் புகையத் தொடங்கின. வரிசையில் யாரோ இருமினார்கள்.

"உங்க குல..." என்று ஆரம்பித்தாள் பச்சையம்மாள்.

கண்ணைத் திறந்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். ஊத்துக்கோட்டையில் காபியை வாங்கிக் குடித்த அன்றைக்கு இருந்த அதே முகம். அன்றைக்கு அவள் அதைப் பார்க்கவில்லை, கணுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்த்துவிட்டாள். ஹூப்ளிக்காரியைத் திரும்பிப் பார்த்தாள், நாக்பூர்க்காரரைப் பார்த்தாள், தெருக்கோடி வரை நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள். விரல்களை மெல்ல விரித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எம்மாம் ஜனம் கீது இந்த ஊர்ல," என்றாள். "யாரு யாருக்கு இன்னா முறைன்னு நான் ஒருத்தி உக்காந்து பாத்துக்கினு இருக்க முடியுமா. தோச தீயுது பாரும்மா."

"பாக்கறேன் ஆன்ட்டி," என்றாள் ஹரிதா.

"ஆன்ட்டி இன்னா ஆன்ட்டி. அத்தன்னு கூப்புடு."

கரண்டி கீழே விழுந்தது. அத்தை என்று கூப்பிட்டால் அத்தை மகன் கட்டிக்கொள்கிற முறை என்பது எட்டிகுப்பத்திலும் தெரியும், மலையடிப்பட்டிலும் தெரியும். கணுவில் அவளுக்கு என்ன தட்டுப்பட்டது, ஒன்றும் தட்டுப்படவில்லையா என்று அதற்கப்புறம் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"சரி அத்த," என்றாள் ஹரிதா.

அதைக் கேட்டதும் திலீப்பின் கால் தன்னாலே மிதியை அழுத்தியது. பிரேக்கைப் பிடிக்க யாருக்கும் ஞாபகமில்லை. தகடு கிறுகிறுவென்று சுழன்று, ஒரு பக்கம் கருகிய தோசை ஒன்று எழும்பிப் பறந்து பச்சையம்மாளின் மேல் விழுந்தது. அவள் அதை முந்தானையில் ஏந்தி, கருகிய ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நின்றபடியே தின்றாள்.